தோப்பு வீட்டு டிராக்டர்

நமது வீட்டுக் கொட்டகையில் முன்பு ஒரு ஜோடி உம்பளச்சேரி மாடுகள் நின்றன. காலையில் எழுந்ததும் தகப்பனார் முதலில் போய்ப் பார்ப்பது அவற்றைத்தான். வைக்கோல் தின்றனவா, குளம்பில் காயம் உண்டா, கண் தெளிவாக இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவர் காப்பி குடிக்க உட்காருவார். இப்போது அந்தக் கொட்டகையில் ஒரு குட்டி டிராக்டர் நிற்கிறது. அதற்கு வைக்கோலும் வேண்டாம், பருத்திக் கொட்டையும் வேண்டாம். ஆனால் காலையில் ஒருவர் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்ற விஷயத்தில் மாட்டுக்கும் யந்திரத்துக்கும் எள்ளளவும் வித்தியாசமில்லை. இந்தச் சிறு உண்மையைத் தெரிந்துகொள்ள நமக்கு இரண்டு வருஷங்களும் ஒரு புயலும் தேவைப்பட்டன.

பட்டுக்கோட்டைக்கு அருகே மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. அதன் நடுவே ஓட்டு வீடு. இதுதான் நமது ஆஸ்தி. நாம் செய்யும் உத்தியோகமோ பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிப்பது. ‘வாத்தியார் வீட்டுக்கு டிராக்டர் எதற்கு?’ என்று கேட்காத உறவினர் இல்லை. உழவுக்கு ஆள் தேடி, ஏருக்கு மாடு தேடி, பெரிய டிராக்டர்காரர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து அலுத்துப்போன பிறகு, 2016-ஆம் வருஷம், ஒருவர் உபயோகித்து விற்ற வண்டியை வாங்கினோம். 18 குதிரைசக்தி, நான்கு அடிக்கும் குறைந்த அகலம், எடை ஏறக்குறைய 800 கிலோ. பெரிய டிராக்டரின் அருகே நிறுத்தினால் பசுவின் பக்கத்தில் கன்றுக்குட்டி நிற்பது போலத்தான் தோன்றும். இந்தக் கன்றுக்குட்டித் தோற்றம்தான் நம்மை ஏமாற்றிற்று.

அது செய்யும் வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறோம். தோப்பில் களை மண்டும்போது ரோட்டாவேட்டரைப் பூட்டி மரவரிசைகளுக்கு நடுவே ஓட்டலாம். மரத்தடியில் ஆறடி வட்டத்துக்குள் மட்டும் போகக்கூடாது. வேர் அறுபடும், அங்கே மண்வெட்டிதான். பறித்த தேங்காயை டிரெய்லரில் ஏற்றிக் களத்தில் சேர்க்கலாம். எருக்குழியிலிருந்து எரு, குளத்திலிருந்து வண்டல், ஆசாரிக்கு மரம், கொத்தனாருக்கு மணல், கோடையில் புதுக் கன்றுகளுக்குப் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர், எல்லாம் அதன் தலையில்தான். மழையில் வாசல் சேறானால் பின்னால் ஒரு பலகையைப் பூட்டி நிரவிவிடலாம். விருந்துக்கு வந்த சம்பந்தியின் மோட்டார்கார் தோப்பு மணலில் புதைந்தபோது அதை மீட்டதும் இந்தக் குட்டிதான். அன்று முதல் அந்த வீட்டார் ‘எதற்கு டிராக்டர்?’ என்று கேட்பதில்லை.

இவ்வளவு உழைக்கிற பிராணிக்கு நாம் செய்த உபசாரம் என்ன? ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம், ஒரு மாலை. மற்ற நாட்களில் சாவியைத் திருப்புவோம், ஓடும், கொட்டகையில் விடுவோம். படித்தவர்கள் கையில் கிரீஸ் படக்கூடாது என்ற எண்ணம் நமது உள்ளத்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்ததென்று இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. 2017 கோடையில் வண்டி கறுப்புப் புகை கக்கியது, இழுவை குறைந்தது. பட்டுக்கோட்டையிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். அறுபதைத் தாண்டியவர். என்ஜினைத் தொடவேயில்லை, ஏர் கிளீனரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி நமது முன்னே நீட்டினார். அதற்குள் இருந்தது எண்ணெயா களியா என்று சொல்ல முடியவில்லை.

“வாத்தியாரய்யா, மூக்கை அடைச்சிக்கிட்டு உங்களால பாடம் நடத்த முடியுமா?” என்று கேட்டார்.

இந்தக் கிண்ணத்தின் வேலை இன்னதென்று நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது. டீசல் என்ஜின் டீசலை மட்டும் குடிப்பதில்லை. ஏராளமான காற்றையும் உறிஞ்சுகிறது. ரோட்டாவேட்டர் ஓடும்போது அந்தக் காற்று முழுவதும் புழுதி. வரும் காற்று கிண்ணத்திலுள்ள எண்ணெயின்மேல் மோதித் திரும்பும்போது புழுதி எண்ணெயில் ஒட்டிக்கொள்ள, சுத்தமான காற்று உள்ளே போகும். எண்ணெய் சேறாகிவிட்டால் புழுதி நேரே சிலிண்டருக்குள் போய் உப்புத்தாளைப் போல் தேய்க்கத் தொடங்கும். நமது வண்டியில் அப்படித்தான் தேய்ந்துவிட்டிருந்தது. அந்த வருஷத்துத் தீபாவளிப் புடவைகளெல்லாம் பிஸ்டன் ரிங்குகளாக மாறின. சகதர்மிணி இதுபற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதிலிருந்தே அவள் கோபத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

அப்பொழுதும் நமக்குப் பாதி புத்திதான் வந்தது. யந்திரம் கெட்டால் பணம் போகும் என்று தெரிந்தது. மனிதரும் போகலாம் என்பது தெரியவில்லை.

2018 நவம்பர் 16-ஆம் தேதி, விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. அன்றிரவு தோப்பில் கேட்ட சத்தத்தை விவரிக்க நமக்குச் சக்தியில்லை. விடிந்து பார்த்தபோது தகப்பனார் தம் கையால் வைத்த மரங்களில் பாதிக்குமேல் தரையில் கிடந்தன. சில வேரோடு சாய்ந்தவை, சில நடுவில் முறிந்தவை. கிணற்றடிக்கும் வீட்டுக்கும் இடையே மட்டும் ஒன்பது மரங்கள். மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை. டெலிபோன் இல்லை. தெருவில் ஒருவர் வீட்டு ஜெனரேட்டரை நமது டிரெய்லரில் ஏற்றி, வீடு வீடாகக் கொண்டுபோய் அரைமணி நேரம் ஓட்டித் தொட்டிகளை நிரப்பினோம். அந்த நாட்களில் குட்டி டிராக்டருக்கு ஊரில் கிடைத்த மரியாதை எந்தத் தலைவருக்கும் கிடைத்திராது.

நான்காம் நாள் மாலை டீசல் தீர்ந்து வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டது. டீசல் வாங்கி ஊற்றியும் பிரயோஜனமில்லை. குழாயில் காற்று புகுந்துவிட்டது. பாயைக் கூப்பிட வழியில்லை. வண்டியோடு வந்த கைப்புத்தகத்தை நாம் டார்ச் விளக்கில் வாசிக்க, சகதர்மிணி ஸ்பேனர் பிடித்தாள். டீசல் வடிகட்டியின் தலையிலுள்ள சிறு திருகாணியைச் சற்றே தளர்த்தவேண்டும். பக்கத்திலுள்ள கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் நுரை நுரையாக வரும். குமிழி இல்லாமல் டீசல் ஒரே சீராக வந்ததும், பம்பை அமுக்கியபடியே திருகாணியை இறுக்கவேண்டும். எழுதுவதற்கு நான்கு வரி. அன்றிரவு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வண்டி கிளம்பியபோது தெருவே கைதட்டியது. தட்டியது நமக்கல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

விழுந்த மரங்களை அப்படியே விட்டுவிடவும் முடியாது. தென்னந்தடி மக்கினால் அதற்குள் காண்டாமிருக வண்டு குடும்பம் நடத்தும். பிறகு நிற்கிற மரங்களின் குருத்துக்கும் ஆபத்து. ஆகவே வெட்டி வெட்டி இழுத்து அப்புறப்படுத்தத் தொடங்கினோம். சித்தப்பா மகன் வண்டியை ஓட்டினான். இருபத்திரண்டு வயது, நல்ல ஓட்டுக்காரன். நாம் சங்கிலி கட்டினோம். கிணற்றடியில் கிடந்த ஒரு தடியின் அடிப்பாகம் வேரோடு மண்ணில் சிக்கியிருந்தது. தாழ்வான கொக்கியில் சங்கிலியைப் பூட்டக் குனியவேண்டும், சேறு வேறு. வண்டியின் பின்புறத்தில், மேற்கை பூட்டுகிற உயரமான இடம் கைக்கு எட்டியது. அதிலேயே சுற்றி மாட்டிவிட்டு, “இழுடா தம்பி!” என்றோம்.

சங்கிலி விறைத்தது. தடி அசையவில்லை. பின்சக்கரங்கள் மண்ணைக் கவ்விக்கொண்டன. மறுகணம் வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. வெகு அமைதியாக எழுந்தன; அதுதான் இன்றும் நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. “அண்ணே!” என்று ஒரு குரல். அவன் கால் தானாகவே கிளட்சை மிதித்துவிட்டது. முன்சக்கரங்கள் தொப்பென்று தரையில் விழுந்தன. அரை விநாடி தாமதித்திருந்தால் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஆசனத்தின்மேல் படுத்திருக்கும். நமது வண்டி பழையது. கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு அதில் கிடையாது.

அன்று மாலை சித்தியின் முகத்தைப் பார்க்க நமக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்த பாயிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

“பள்ளிக்கூடத்தில நெம்புகோல் நீங்கதானய்யா சொல்லித் தர்றீங்க?” என்றார். அவ்வளவுதான்.

வாஸ்தவம். நெம்புகோல் பாடத்தைப் பதினெட்டு வருஷம் நடத்தியவர் நாம். என்ஜினின் பலம் பின் அச்சைச் சுழற்றப் பார்க்கிறது. சக்கரம் சுழல முடியாதபடி பிடிபட்டுவிட்டால், சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் உடம்பே அச்சைச் சுற்றி மேலே எழும். சங்கிலி அச்சுக்கு மேலே கட்டப்பட்டிருந்தால் அந்த இழுப்பும் சேர்ந்து வண்டியைப் பின்னுக்குக் கவிழ்க்கும். அச்சுக்குக் கீழே, அதற்கென்று வைத்திருக்கும் கொக்கியில் கட்டினால் இழுப்பு முன்பாகத்தைத் தரையோடு அழுத்தும். ஒரு முழ உயர வித்தியாசம்தான்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பழைய நாளில் கலப்பை கல்லில் முட்டிய டிராக்டர்கள் இதே விதமாகப் பின்புறம் கவிழ்ந்து பலர் மாண்டார்கள். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குஸன் என்பவர் கலப்பையை மூன்று கைகளால் வண்டியோடு பூட்டும் முறையை உருவாக்கினார். கீழே இரண்டு, மேலே ஒன்று. கலப்பை எதிலாவது முட்டினால் அந்த மேற்கையே முன்னோக்கித் தள்ளி வண்டியின் முன்பாகத்தை அழுத்திவிடும். 1946 முதல் 1956 வரையில் இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் அவருடைய சாம்பல் நிறச் சிறு டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் தயாராயின. எவரெஸ்ட் ஏறிய ஹில்லாரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென் துருவத்தை அடைந்ததும், பனிக்கேற்றபடி மாற்றிய அந்த ரக டிராக்டர்களில்தான். இன்று நமது கொட்டகைக் குட்டி வரையில் எல்லாவற்றிலும் இருப்பது அந்த மூன்று கைகளே. கவிழாமல் காப்பதற்காக ஏற்பட்ட மேற்கையின் இடத்தில் சங்கிலியைக் கட்டிக் கவிழ்க்கப் பார்த்தோம் நாம்!

அதன்பின் ஏற்பட்டதுதான் நமது காலைக் கால்மணி நேரம். காப்பிக்கு முன்னே கொட்டகை. சமதரையில், ஓடாமல் குளிர்ந்திருக்கும்போதே என்ஜின் எண்ணெயின் அளவுக்கோலை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கிறோம். இது எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளின் பொறுப்பு. அவள் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறாள். ரேடியேட்டர் தண்ணீரையும் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கவேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். தென்னந்தோப்பில் ரேடியேட்டருக்குத் தனிச் சத்துரு ஒன்று உண்டு: பன்னாடைத் தும்பும் மட்டைத் தூசியும் முன்வலையில் படிந்து காற்றுப் புகாமல் அடைத்துவிடும். மென்மையான துடைப்பத்தால் தட்டவேண்டும். பலமாகத் தண்ணீர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். டீசல் வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் தண்ணீர் தங்கியிருந்தால் வடித்துவிட வேண்டும். டயரில் காற்று, சக்கரத்து நட்டுகள், எலி கடித்த ஒயர். கடைசியானது வேடிக்கையல்ல, மாட்டுக்கொட்டகை எலிகள் நமது தகப்பனார் காலத்திலிருந்தே குடியிருப்பவை.

வாரம் ஒருமுறை கிரீஸ் கன். முன் அச்சின் இரு முனைகள், பின் கைகள், ரோட்டாவேட்டர் மூட்டுகள். ஒவ்வொரு நிப்பிளையும் முதலில் துணியால் துடைத்துவிட்டு, பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்கவேண்டும். துடைக்காமல் அடித்தால் மணலையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறோம் என்று அர்த்தம். ரோட்டாவேட்டர் கத்திகளின் போல்ட்டுகளையும் அன்றே இறுக்கிவிடுகிறோம். தூக்கி நிறுத்திய ரோட்டாவேட்டருக்கு அடியில் கையை விடுவது கிடையாது. கட்டை கொடுத்த பிறகே. வேலை முடிந்து வண்டியை விட்டால் ரோட்டாவேட்டரைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் இறங்குவது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

தோப்புக்குள் ஓட்டும்போது இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பிரேக் தனித்தனி. சட்டென்று திரும்புவதற்கு அது சௌகரியம். சாலையில் ஏறுமுன் இரண்டு மிதிகளையும் இணைக்கும் தாழ்ப்பாளைப் போட மறந்தால், வேகத்தில் ஒரு மிதியை மட்டும் அமுக்கி வண்டி பக்கவாட்டில் சுழன்றுவிடும். வீட்டு வாசலிலேயே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் இப்போது தம்பி சாலைக்குப் போகிறான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. ரோட்டாவேட்டருக்கு என்ஜினின் சக்தியைக் கொண்டுபோகும் தண்டை பி.டி.ஓ. என்கிறார்கள். நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது விநாடிக்கு ஒன்பது. நான்கு முழ வேட்டி ஒன்றைச் சுருட்டிக்கொள்ள அதற்கு இரண்டு விநாடி போதும். வேட்டி கட்டியவர் கையைத் தூக்குவதற்குள் காரியம் முடிந்துவிடும். அந்தத் தண்டுக்குப் பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டு விற்கிறார்கள். நமது வண்டியின் உறை கடகடவென்று சத்தம் போட்டதால் அதைக் கழற்றி மூலையில் எறிந்திருந்தோம். 2019-ல் ஒரு நாள், ஓடும் வண்டியின் பின்னால் குனிந்து ஆழத்தைப் பார்த்தபோது நமது தோளிலிருந்த துண்டு காணாமற்போயிற்று. இழுத்ததே தெரியவில்லை. அந்தத் துண்டைத் தலைப்பாகையாகவோ கழுத்தைச் சுற்றியோ கட்டியிருக்கவில்லை என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

புது உறை மறுநாளே வந்தது. அதோடு சகதர்மிணி இட்ட சட்டமும் வந்தது: வண்டி வேலைக்கு வேட்டியும் கிடையாது, துண்டும் கிடையாது, கால்சட்டையும் கையிறுகிய சட்டையும்தான். பெண்கள் கிட்டே வந்தால் முந்தானையைச் செருகி, பின்னலை முடிந்துகொள்ள வேண்டும். என்ஜினை நிறுத்தாமல் யாரும் பின்பக்கம் போகக்கூடாது. ஊரில் நமது காக்கிக் கால்சட்டையைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். வாத்தியாருக்கு போலீஸ் உத்தியோகம் கிடைத்துவிட்டதா என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். நாம் அவரிடம் துண்டின் கதையைச் சொன்னோம். அவரும் ஒரு டிராக்டர் வைத்திருப்பவர். பதில் பேசாமல் டீயை முடித்துக்கொண்டு போனார். மறுவாரம் அவர் வீட்டு வண்டியில் உறை இருந்ததை நாமே பார்த்தோம்.

புயலில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போது ஓலை விரித்து நிற்கின்றன. அவற்றின் நடுவே ரோட்டாவேட்டர் ஓட்டுவது தம்பிதான்; சங்கிலி கட்டுவதும் அவனேதான், நம்மை விடுவதில்லை. சென்ற வாரம் முன்சக்கரம் ஒன்றில் லேசான ஆட்டம் இருப்பதாக மகளின் நோட்டில் எழுதியிருக்கிறது. சனிக்கிழமை பாய் வருகிறேன் என்றிருக்கிறார். பேரிங் வாங்கி வைக்கவேண்டும்.